கால் மரத்துப்போன மருமகன்

அம்பாசமுத்திரம்

அன்புள்ள சங்கரா,

உன் கடிதம் வந்தது. பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், கார் நடவு மும்முரமாக நடக்கிறது.

தங்கச்சி மகன் செல்வத்துக்கு என்ன ஆச்சு என்று கேட்டிருந்தாய். கில்லன் பாரே சிண்ட்ரோம், சுருக்கமாக ஜிபிஎஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் நோய். 2025 ஜனவரியில் உங்கள் புனேயில் பலரைப் படுக்க வைத்ததே, அதே ஜிபிஎஸ்தான். அவனுக்கு முதலில் வயிற்றுப்போக்கு. அது நின்று கொஞ்ச நாளில் பாதம் மரத்தது, அப்புறம் படி ஏற முடியவில்லை. சொந்தக்காரர்கள் வாதம் என்று எண்ணெய் தடவச் சொன்னார்கள். தங்கச்சி யார் பேச்சையும் கேட்காமல் நேராகப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டாள். அவள்தான் அவனைக் காப்பாற்றினாள் என்பேன். இந்த நோய் காலிலிருந்து மேலே ஏறி மூச்சுத் தசை வரைக்கும் போகும். ஏறக்குறைய நாலு பேரில் ஒருவருக்கு வென்டிலேட்டர் தேவைப்படும்.

அப்போதிருந்து இதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். கேம்பைலோபாக்டர் என்று ஒரு கிருமி, சரியாக வேகாத கோழிக்கறியிலும் அசுத்தத் தண்ணீரிலும் இருக்கும். அதன் மேலுறையில் உள்ள சர்க்கரை அமைப்பு, நம் நரம்பில் இருக்கும் ஜிஎம்1 என்ற பொருளைப் போலவே இருக்கிறது. கிருமியை அழிக்க உடம்பு உண்டாக்கிய ஆன்டிபாடி நரம்பையும் பிடித்துக்கொள்கிறது. பின்னாலேயே காம்ப்ளிமென்ட் என்னும் புரதங்கள் வந்து அங்கே துளை போடுகின்றன. நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை சிதைகிற வகையில் மட்டும் காரணம் பிடிபடாமலே இருந்தது. 2024-ல் சூரிச் ஆராய்ச்சியாளர்கள், அந்த நோயாளிகளின் டி செல்களே, அதாவது கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்களே, மயலினைக் குறிவைப்பதைக் கண்டுபிடித்தார்கள். 1916-ல் பிரெஞ்சு டாக்டர்கள் இந்த நோய் வந்த இரண்டு சிப்பாய்களின் முதுகுத்தண்டு நீரில் புரதம் கூடியிருப்பதைப் பார்த்ததிலிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்!

செல்வத்துக்கு ஐந்து நாள் ஐவிஐஜி என்னும் ஆன்டிபாடி மருந்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்றினார்கள். ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து (ரத்தத்தின் நீர்ப்பகுதி) எடுப்பது, அதனால் விலை அதிகம். பிளாஸ்மா மாற்றுவதும் அதே அளவு பலன் தரும். ஸ்டீராய்டு உதவாது, யாராவது சொன்னால் நம்பாதே. காம்ப்ளிமென்டை ஆரம்பத்திலேயே தடுக்கிற மருந்து ஒன்றைப் பங்களாதேஷிலும் பிலிப்பைன்ஸிலும் சோதித்து, 2024-ல் நல்ல முடிவு வந்திருக்கிறது. ஐவிஐஜி வாங்க முடியாத ஏழைகள் நிறைந்த நாடுகளில் நடந்த சோதனை அது. அந்த மருந்து அவர்கள் கைக்கு எட்டும் விலையில் வரவேண்டும் என்று மனம் கிடந்து தவிக்கிறது.

செல்வம் இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறான். பெரும்பாலானவர்கள் ஆறு மாதத்தில் தாமாக நடந்துவிடுவார்கள் என்று டாக்டர் சொன்னார். பிசியோதெரபியை மட்டும் விடக்கூடாது.

நீங்களும் அங்கே தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். மதினியைக் கேட்டதாகச் சொல். ஆடி அமாவாசைக்கு வருவாயா? டிக்கெட் எடுத்ததும் எழுது.

அன்புடன்,
கணேசன்