சணல் உருண்டை எங்களிடம் இருக்கிறது

அனைவருக்கும் வணக்கம்.

காணாமல் போயிருந்த அப்பா கிடைத்துவிட்டார்; இப்போது உள் அறையில் தூங்குகிறார். இதை எழுத உட்கார்ந்த பிறகு இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டேன். படத்தைப் பகிர்ந்தவர்கள், ஆவடியிலிருந்து ஒவ்வொரு நிலையமாக இறங்கித் தேடிய தம்பியின் நண்பர்கள், ரயில்வே போலீஸார், தட்டைக் கையில் திணித்துச் சாப்பிட வைத்த எதிர்வீட்டு அக்கா, எல்லோருக்கும் நன்றி. நேரில் வந்து சொல்கிறேன்.

சென்னை அல்லிக்குளம் வணிக வளாகத்தில் பழைய புத்தகக் கடை வைத்திருக்கும் பெரியவருக்குத்தான் இந்த மடல். பெயர் கேட்டதற்கு, "அது எதற்கம்மா?" என்றுவிட்டீர்கள்.

அப்பா சென்னை மூர் மார்க்கெட் சந்தையில் பழைய புத்தகக் கடையில் வேலை பார்த்தவர். 1985 மே 30 அன்று அது எரிந்தபோது அவருக்கு 31 வயது. கொஞ்ச காலமாகவே, விடிந்தால் "கடைக்கு நேரமாகிவிட்டது" என்று சட்டையைத் தேடுவார். அது எரிந்து எத்தனையோ வருடமாகிவிட்டது என்று நாங்கள் பொறுமையாக விளக்குவோம். உண்மையைத்தானே சொல்கிறோம் என்ற நினைப்பு. அவருக்கோ ஒவ்வொரு காலையும் அன்றைக்குத்தான் எரிந்தது.

அவர் வழி தவறினார் என்றும் சொல்ல முடியவில்லை. 1900-இல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடம் நின்ற இடத்தில் இப்போது புறநகர் ரயில் முனையம். அதற்கு ரயில்வே வைத்திருக்கும் பெயரே மூர் மார்க்கெட் வளாகம்தான். சரியான ரயிலில்தான் ஏறியிருக்கிறார்!

தீக்குப் பிறகு கடைகளை மாற்றிக் கொடுத்த அல்லிக்குளத்துக்குள் வந்து, "என் கடை எங்கே?" என்று அவர் கேட்டதும் சிலர் சிரித்தார்களாம். நீங்கள் ஸ்டூலை இழுத்துப் போட்டீர்கள். "அண்ணே, ஏன் இவ்வளவு தாமதம்? இந்தக் கட்டெல்லாம் அப்படியே கிடக்கிறது" என்று சணல் உருண்டையைக் கையில் கொடுத்தீர்கள். நாங்கள் ஓடி வந்தபோது, பழைய பொறியியல் புத்தகங்களை அளவுவாரியாக அடுக்கி, குறுக்கும் நெடுக்குமாகச் சணலைச் சுற்றி, தூக்கிப் போக மேலே விரல் நுழையும் அளவுக்கு வளையம் விட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் திணறும் அதே விரல்கள். என்னைப் பார்த்து, "வியாபார நேரத்தில் ஏன் வந்தாய்?" என்று கடிந்துகொண்டார். அப்பாவிடம் திட்டு வாங்கி எத்தனை நாளாகிவிட்டது!

கிளம்பும்போது நீங்கள் ஐம்பது ரூபாயை எடுத்து, "இன்றைய கூலி" என்று அவர் பையில் வைத்தீர்கள். நான் தடுக்க வந்தேன். கண்ணாலேயே என்னை நிறுத்திவிட்டீர்கள்.

இனி இந்த வீட்டில் யாரும் அவரிடம் மார்க்கெட் எரிந்த கதையைச் சொல்ல மாட்டோம். இன்று காலை சட்டையைத் தேடியபோது, "இன்று விடுமுறை அப்பா" என்றேன். "முன்பே சொல்லக் கூடாதா?" என்று நாளிதழை எடுத்துக்கொண்டார்.

உங்கள் சணல் உருண்டையை அப்பா வேட்டி மடிப்பில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார். அவரையே அழைத்துவந்து திருப்பித் தரச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா என்று மட்டும் சொல்லுங்கள்.