தீவன மூட்டையில் ஒரு கடல் குதிரை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2000 முதல் 2010 வரை, 80-க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 2,700 அறிவியலாளர்கள், 540-க்கும் மேற்பட்ட ஆய்வுப் பயணங்கள் மேற்கொண்டு உலகக் கடல்களின் உயிரினங்களைக் கணக்கெடுத்தார்கள். கடலே இல்லாத நாமக்கல்லில் இருப்பவனுக்கு அதில் என்ன அக்கறை என்று கேட்கலாம்.

எங்கள் பகுதிக் கோழிப் பண்ணைகளுக்கு, தீவனத்தில் அரைத்துச் சேர்ப்பதற்காகக் கருவாடு மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. விசைப்படகுகளின் இழுவலையில் சிக்கி, விலைபோகாமல் ஒதுக்கப்பட்டு, வெயிலில் காய்ந்த சிறு மீன்களும் நண்டுகளுமே அதில் பெரும்பகுதி. சென்ற மாதம் ஒரு மூட்டையைப் பிரித்துக் கொட்டியபோது, சுண்டுவிரல் நீளத்தில், வால் சுருண்டபடியே காய்ந்துபோன கடல் குதிரை ஒன்று கையில் அகப்பட்டது. பள்ளி ஆய்வகத்தில் ஃபார்மலின் புட்டிக்குள் பார்த்ததற்குப் பிறகு அன்றுதான் அதைப் பார்க்கிறேன். 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்ட உயிரினம் அது.

ஆய்வுக் கப்பலுக்குக் கோடிகள் வேண்டும்; மூட்டையைப் பிரித்து இனவாரியாக எண்ணுவதற்கு ஒரு மேசையும் உருப்பெருக்கியும் போதும். இங்குள்ள கல்லூரி விலங்கியல் துறைகள், மீன்வளத் துறையின் அனுமதி பெற்று, மாதம் ஒரு மூட்டையையாவது எண்ணி, அந்த விவரத்தை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் நடத்தும் மையத்துக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
நாமக்கல்.