மாப்பிள்ளை வீட்டார் கேட்ட கேள்வி

ஆசிரியருக்கு வணக்கம்.

விபத்து, போர் மாதிரி பயங்கரங்களில் சிக்கியவர்களுக்கும் அதைப் பார்த்தவர்களுக்கும் வருகிற பி.டி.எஸ்.டி. என்ற மனநோய் பரம்பரையாகவும் வரலாம் என்று உங்கள் மருத்துவப் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். மறுவாரமே என் மகளைப் பார்க்க வந்தவர்கள், காபி டம்ளரைக் கீழே வைக்கும் முன்பே, "தாய்மாமனுக்கு அப்படியாமே, ரத்தத்தில் வர்றதாமே?" என்று கேட்டுவிட்டார்கள்.

மூன்று வருடம் முன்பு கப்பலூர் தாண்டி நாலுவழிச் சாலையில் என் தம்பிகள் இருவரும் வந்த வேன் கவிழ்ந்தது. இவர்களுக்குச் சிராய்ப்புதான், ஆனால் டிரைவர் இவர்கள் கண்ணெதிரே இறந்தார். பெரியவன் ஒரே மாதத்தில் பழையபடி வண்டி எடுத்துவிட்டான். சின்னவன் இன்னும் லாரி ஹாரன் கேட்டால் கையில் இருக்கிற டீயைச் சட்டையில் கொட்டிக்கொள்கிறான், நடுராத்திரி எழுந்து வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறான், பஸ் ஏறுவதே இல்லை. வேப்பிலை அடித்து மந்திரித்தும் பார்த்தாச்சு. அப்பன் ரத்தம், பயந்தாங்கொள்ளி என்கிறார்கள் சொந்தக்காரர்கள். பெரியவனுக்கும் அதே அப்பன்தானே?

சரி, மரபணுவுக்குப் பங்கே இல்லையா என்றால், இருக்கிறது. வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த 4,000-க்கும் அதிகமான இரட்டையர் ஜோடிகளை வைத்து 1993-ல் வெளியான ஆய்வில், ஆளுக்கு ஆள் இந்த அறிகுறிகள் வேறுபடுவதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு மரபணுக் கணக்கில் வந்தது. மிச்சமெல்லாம் அவரவர் பட்டது. அப்புறம் 2008-ல், அட்லாண்டா நகரத்து மருத்துவமனைக்கு வந்த ஏழை எளியவர்களிடம் எஃப்கேபிபி5 என்ற மரபணுவைப் பார்த்தார்கள். ஆபத்து என்றால் உடம்பில் கார்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கும், ஆபத்து தீர்ந்ததும் அது அடங்க வேண்டும், அந்த பிரேக்கோடு சம்பந்தப்பட்ட மரபணு இது. அதில் சில வகைகள் இருந்தவர்களில், சின்ன வயதில் அடி உதை, கொடுமை பட்டவர்களுக்குத்தான் அறிகுறிகள் கூடுதலாக இருந்தன. கொடுமை படாதவர்களுக்கு அதே வகை இருந்தும் அப்படிக் கூடவில்லை.

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் வீட்டில் நெல் கொட்டி வைக்கிற குலுக்கைதான் ஞாபகம் வந்தது. பெரியவன் மேலூரில் அம்மாச்சி வீட்டில் வளர்ந்தவன். அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடித்த ராத்திரிகளில் குலுக்கைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது சின்னவன். அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனாலும் ரத்தத்தைக் குற்றம் சொல்கிறவர்கள் யாரும் அந்த ராத்திரிகளில் எங்கள் வீட்டுப் படியேறி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அடுத்த முறை எழுதும்போது இந்த மீதிக் கதையையும் சேர்த்துப் போடுங்கள். இது கவுன்சலிங்கில் குறையக்கூடியது என்பதையும், அரசு மனநல உதவி எண் 14416-க்கு இலவசமாகக் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம் என்பதையும் பெரிய எழுத்தில் போடுங்கள். தம்பி போன மாதம்தான் பேசினான். நேற்று என்னோடு கள்ளிக்குடி வரைக்கும் பஸ்ஸில் வந்தான், கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு.

இப்படிக்கு,
ஒரு அக்கா, திருமங்கலம்