கலை நூலகங்களுக்கு ஒரு திறந்த மடல்: இதழ்களை வெளிவரும்போதே வாங்குங்கள்

கலை நூலகங்களிலும் அருங்காட்சியக நூலகங்களிலும் எதை வாங்குவது, எதை விடுவது என்று முடிவெடுக்கும் அனைவருக்கும் வணக்கம்.

நண்பர்கள் சிலரோடு சேர்ந்து ஓர் ஓவிய இதழ் நடத்துகிறேன். நாங்களே வரைகிறோம், எழுதுகிறோம், பக்கம் அமைக்கிறோம், ரிசோ என்ற நகல் அச்சு இயந்திரத்தில் அச்சடித்து, மடித்து, பின் அடிக்கிறோம். உலகம் முழுக்க இப்படி இதழ் நடத்தும் கலைஞர்கள் ஏராளம். உங்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: இந்த இதழ்களை அவை வெளிவரும் காலத்திலேயே, காசு கொடுத்து, முழுசாக வாங்கி வையுங்கள்.

எங்கள் இதழை ஒரு நூலகத்துக்கு எடுத்துப் போனபோது மேசையிலேயே திருப்பித் தந்துவிட்டார்கள். தொடர் இதழ்களுக்குத் தரப்படும் ஐ.எஸ்.எஸ்.என். அடையாள எண் இல்லை. முதுகில் தலைப்பு போட இடமில்லை. அடுத்த இதழ் எப்போது வரும் என்று எங்களாலும் உறுதி சொல்ல முடியவில்லை. பட்டியலுக்குள் அடங்காத ஒன்றை எங்கே வைப்பது என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்கு விடை தேடாமல் வேண்டாம் என்று சொல்லிவிடுவது நியாயமில்லை. இன்னொரு நூலகம் ஆர்வமாகக் கேட்டது, ஆனால் இலவசப் பிரதியாக. இருநூறு பிரதி அச்சாகும் இதழில், விற்கும் ஒவ்வொரு பிரதியும்தான் அடுத்த இதழுக்குத் தாள் வாங்கித் தருகிறது.

இந்தத் தயக்கம் புதிதல்ல. அமெரிக்க ஓவியர் எட் ரூஷே 1963-இல் தானே வெளியிட்ட ‘ட்வென்டிசிக்ஸ் கேஸொலின் ஸ்டேஷன்ஸ்’ என்ற மெல்லிய புகைப்பட நூலை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ஏற்க மறுத்தது. அவர் அடுத்த ஆண்டே ஆர்ட்ஃபோரம் என்ற கலை இதழில் அந்த மறுப்பையே விளம்பரமாகப் போட்டார். முதல் பதிப்பு 400 பிரதிகள். இன்று அதே நூல் அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது.

அமெரிக்காவில் வெளிவந்த ஆஸ்பென் இதழின் கதை இன்னும் அழுத்தமானது. ஃபிலிஸ் ஜான்சன் 1965 முதல் 1971 வரை நடத்திய இந்த இதழ் ஒரு பெட்டியாக வரும். உள்ளே தனித்தனித் தாள்கள், சிறு நூல்கள், இசைத்தட்டு, சில சமயம் ஃபிலிம் சுருளும்கூட. இதழுக்குரிய வடிவமும் இல்லை, ஒழுங்காக வருவதும் இல்லை என்று அஞ்சல்துறை அதற்குச் சலுகைக் கட்டணத்தை மறுத்தது. ஆனால் 1967-இல் ஓவியர் பிரையன் ஓ’டோஹெர்ட்டி தொகுத்த 5+6ஆம் இதழ்ப் பெட்டிக்குள் தான் பிரெஞ்சு விமர்சகர் ரோலாண் பார்த்தின் ‘ஆசிரியனின் மரணம்’ கட்டுரை, ஆங்கில மொழிபெயர்ப்பில், முதன்முதலாக அச்சில் வந்தது. பிரெஞ்சு மூலமே அடுத்த ஆண்டுதான் வெளியானது. இலக்கியம் படிக்கும் மாணவர்கள் உலகெங்கும் மேற்கோள் காட்டும் ஒரு கட்டுரை, நூலக அலமாரியில் நிற்காத ஒரு வெள்ளைப் பெட்டியில் பிறந்திருக்கிறது. அந்த வருடம் நீங்கள் கொள்முதல் பொறுப்பில் இருந்திருந்தால் என்ன முடிவெடுத்திருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

நூலகங்கள் கைவிட்டதைக் கலைஞர்களே சேர்க்க வேண்டியிருந்தது. நியூயார்க்கில் மார்த்தா வில்சன் 1976-இல் ஃபிராங்க்ளின் ஃபர்னஸ் என்ற கலை அமைப்பைத் தொடங்கி, கலைஞர்கள் வெளியிட்ட நூல்களையும் இதழ்களையும் சேகரித்தார். விற்பனையை அதே ஆண்டு தொடங்கிய பிரின்டட் மேட்டர் என்ற இன்னொரு அமைப்பு பார்த்துக்கொண்டது. 1993-இல் அந்தச் சேகரிப்பை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டது. நல்ல முடிவுதான். ஆனால் நடுவில் ஒரு தனிமனிதரின் பிடிவாதம் இல்லாமல் போயிருந்தால் எடுத்துக்கொள்ள எதுவும் மிஞ்சியிருக்காது. பரோடாவில் 1969 முதல் 1973 வரை குலாம் முகமது ஷேக்கும் பூபேன் கக்கரும் நடத்திய ‘விரிஷ்சிக்’ இதழை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஓவியர்கள் நடத்திய சின்ன இதழ். அந்தக் காலத்து ஓவியர்கள் எதைப் பற்றிச் சண்டை போட்டார்கள், எந்தக் கவிதையைப் படித்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் அதைத்தான் புரட்ட வேண்டும். கண்காட்சிக் கேட்லாக்கில் அந்தச் சண்டை இருக்காது.

அதனால்தான் முழுசாக என்று அழுத்திச் சொல்கிறேன். நூலகங்களில் வழக்கமாக நடப்பது என்ன? நாலைந்து இதழ்களைச் சேர்த்து பைண்ட் செய்யும்போது அட்டையைக் கழற்றிவிடுவார்கள், விளம்பரப் பக்கங்களைத் தூக்கி எறிவார்கள், ஓரத்தை வெட்டிச் சமப்படுத்துவார்கள். கனடாவின் ஜெனரல் ஐடியா கலைஞர் குழு 1972 முதல் 1989 வரை நடத்திய ஃபைல் இதழின் ஆரம்ப ஆண்டுகளில் கலைஞர்களின் முகவரிகளும், யாருக்கு எந்த மாதிரிப் படம் வேண்டும் என்ற பட்டியலும் அச்சாயின. யார் யாருக்குக் கடிதம் போட்டார்கள், எந்த ஊர் எந்த ஊரோடு பேசிக்கொண்டது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. உள்ளடக்கம் இல்லை என்று கழிக்கப்படுவது பெரும்பாலும் இந்த மாதிரிப் பக்கங்கள்தான்.

எங்கள் இதழொன்றின் நடுவில் மெல்லிய டிரேசிங் தாளில் ஒரு கோட்டோவியம் இருக்கிறது. அதைக் கீழே உள்ள பக்கத்தின் மேல் வைத்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும். ஒட்டவில்லை, சும்மா செருகியிருக்கிறோம். அந்தத் தாள் தொலைந்தால் மிச்சம் இருப்பது பாதிப் படம். ரிசோ மையோ எண்ணெய் சேர்ந்தது. மாதங்கள் ஆனாலும் விரலில் ஒட்டும், எதிர்ப்பக்கத்தில் படியும். நடுவில் அமிலமில்லாத தாள் வைத்து, மேலே பாரம் ஏற்றாமல், பெட்டியில் படுக்கை வசமாக வைத்தால் போதும். இரும்புப் பின் துருப்பிடித்து மடிப்பைத் தின்னும் என்பது உங்களுக்கே தெரியும்.

ஸ்கேன் செய்து வைக்கலாமே என்பீர்கள். செய்யுங்கள், தூரத்தில் இருப்பவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் டிரேசிங் தாளை ஸ்கேன் செய்தால் அது இன்னொரு வெள்ளைப் பக்கம். மூலப் பிரதியும் கூடவே இருக்க வேண்டும்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். ஆண்டுக் கொள்முதலில் ஒரு சிறு தொகையை இந்த இதழ்களுக்கென்று ஒதுக்குங்கள். சந்தா வேண்டாம், வரும் இதழைத் தனித்தனியாக வாங்குங்கள். எண் இல்லாவிட்டால் தலைப்பு, ஆண்டு, நடத்துபவர்கள், அளவு, செருகல்கள் என்று நாலு வரியில் பதிந்து கொள்ளுங்கள். ஒரே ஒரு இதழோடு நின்றுபோனவற்றையும் விட்டுவிடாதீர்கள், அவைதான் முதலில் காணாமல் போகின்றன. கலைஞர்களின் அச்சுச் சந்தைகளுக்கு உங்கள் நூலகர் ஒருவரை அனுப்புங்கள். ஒரு மதியத்தில், இடைத்தரகர் யாருமில்லாமல், அட்டை விலைக்கே ஒரு பெட்டி நிறைய வாங்கி வரலாம். நாற்பது வருடம் கழித்து இதே இதழ்களைப் பழம்புத்தக வணிகர்களிடம் தேடி வாங்கும்போது கொடுக்கப்போகும் பணத்தில் அது சிறு பங்குகூட ஆகாது.

எங்கள் அடுத்த இதழ் தயாரானதும் மறுபடியும் உங்கள் மேசைக்கு வருவோம்.

அன்புடன்,
இதழ் நடத்தும் ஓர் ஓவியர்