குளமும் கரைக்காடும்: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நீங்கள் ஒப்படைத்த குளத் திருப்பணி நிறைவடைந்தது. தூர் வாரியாயிற்று. வரத்துக்கால் அடைப்பை எடுத்து, மதகைப் புதுப்பித்தாயிற்று. கழிவுநீர் வந்து விழுந்த இரண்டு வாய்களில் ஒன்றைத் திருப்பிவிட்டோம். தணிக்கை முடிந்த வரவு செலவுக் கணக்கு தனியே இணைக்கப்பட்டுள்ளது. கணக்கைப் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்பதெல்லாம் நாங்கள் செய்யாமல் விட்டதைப் பற்றித்தான். கரைக்கு ஏன் சிமெண்ட் போடவில்லை, புதரை ஏன் வழிக்கவில்லை, கொசு மருந்து ஏன் அடிக்கவில்லை, வௌவால் மரத்தை ஏன் வெட்டவில்லை?

இந்த நான்கும் முதல் திட்டத்தில் இருந்தவைதான். நோய் வராமல் இருக்க வேண்டும் என்றே அவற்றை எழுதினோம். அதே காரணத்துக்காகத்தான் பிறகு அவற்றைத் திட்டத்திலிருந்து நீக்கினோம்.

எங்கள் மனத்தை மாற்றியது எங்கள் தவறுதான். முதல் கட்டத்தில் மேற்குப் பாதியை ஒரே மூச்சில் வற்றவைத்து, அடிவரை வழித்து எடுத்தோம். மழை வந்து நீர் நின்றதும் அந்தப் பாதி முழுவதும் கொசுப் புழு நெளிந்தது. தொடாத கிழக்குப் பாதியில் அப்படி இல்லை. காரணம் எளியது. புது நீருக்கு முதலில் வந்து சேர்வது கொசு. முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக அதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். அதைத் தின்னும் தும்பியின் இளம்புழு நீருக்குள் வளர மாதக்கணக்கில் ஆகிறது. மீனும் நீர்ப்பூச்சிகளும் மெல்லத்தான் திரும்புகின்றன. வழித்து எறிந்த சேற்றோடு கொசுவின் எதிரிகளையும் எறிந்திருந்தோம். கிழக்குப் பாதியைப் பகுதி பகுதியாக வாரினோம். ஒவ்வொரு முறையும் ஒரு மூலையை உயிரோடு விட்டுவைத்தோம்.

மருந்து அடிக்காததும் இதனால்தான். பூச்சிக்கொல்லி கொசுவை மட்டும் தேடிக் கொல்வதில்லை. கரைக்குச் சிமெண்ட் போட்டாலோ புதரை வழித்தாலோ தும்பி இறகு விரிக்கப் பற்றி ஏற ஒரு தண்டு கிடைக்காது. சிமெண்ட் கரையில் தவளை ஏறி வரவும் வழியில்லை. ஆனால் ஆகாயத்தாமரையை மட்டும் இரக்கமில்லாமல் அகற்றினோம். மான்சோனியா கொசுவின் புழு அதன் வேரில் குத்திக்கொண்டு மூச்சு விடுகிறது. நீர்ப்பரப்புக்கு வரவே தேவையில்லாததால் மீனிடமிருந்து தப்பிவிடுகிறது. யானைக்கால் நோயில் ஒரு வகையைப் பரப்புவது இந்தக் கொசு. பச்சையாக இருப்பதெல்லாம் நலம் என்று நாங்கள் சொல்லவில்லை. கொசுவை ஒழிக்க வெளிநாட்டுக் கம்பூசியா மீன் விடலாம் என்ற யோசனையையும் ஏற்கவில்லை. அது கொசுப் புழுவோடு தலைப்பிரட்டையையும் பிற மீன்களின் குஞ்சையும் தின்னும். இங்கேயே இருந்த சிறு மீன்களைத்தான் திரும்ப விட்டோம்.

ஓர் உயிரை எடுத்துவிட்டால் நோய் எங்கிருந்து முளைக்கும் என்பதற்கு மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆறு சான்று. அதன் முகத்துவாரத்தருகே 1986-இல் தியாமா அணை கட்டி முடித்தார்கள். இனப்பெருக்கத்துக்காக உவர்நீருக்குப் போய்த் திரும்பும் ஆற்று இறாலின் வழி அடைபட்டது. இறால் தின்றுவந்த நத்தைகள் பெருகின. அவற்றின் வழியே பரவும் பில்ஹார்சியா புழுநோய் கரையோர ஊர்களில் பெருவாரியாக எழுந்தது. அணையால் கடலுப்பு ஏறாத நீரும் நத்தைக்கு வாய்ப்பாக அமைந்தது உண்மை. ஆனாலும் பின்னர் ஓர் ஊரின் துறையில் இறாலைத் திரும்ப விட்டுப் பார்த்தபோது நத்தையும் குறைந்தது, மக்களின் உடலில் புழுச் சுமையும் குறைந்தது.

வௌவால் மரத்தைப் பற்றிய அச்சம் நியாயமானது; அதைக் கேட்ட உறுப்பினர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. 1998-99-இல் மலேசியாவில் பழந்தின்னி வௌவால்கள் சுமக்கும் நிபா வைரஸ் நூறு பேருக்கு மேல் கொன்றது. அங்கே பன்றிக் கொட்டகைகளை ஒட்டியே பழமரங்கள் நின்றன. வௌவால் கடித்துப் போட்ட பழம் பன்றிக்குப் போயிற்று, பன்றியிடமிருந்து நோய் மனிதருக்கு வந்தது. வௌவாலிடமிருந்து குதிரைக்கும் அதன் வழியே மனிதருக்கும் தாவும் ஆஸ்திரேலியாவின் ஹெண்ட்ரா வைரஸ் கற்றுத்தருவது இன்னும் நுட்பமானது. குளிர்காலத்தில் பூக்கும் காடுகள் அழிந்ததால் பசித்த வௌவால்கள் குதிரைப் பண்ணைகளின் பக்கம் வந்தன. எஞ்சிய காடு நன்றாகப் பூத்த குளிர்காலங்களில் அவை அங்கே திரும்பின. அப்போது குதிரைகளுக்கு நோய் தாவவில்லை. இது 2022-இல் வெளியான நீண்டகால ஆய்வு ஒன்றின் முடிவு. மரத்தை வெட்டினால் வௌவால் சாகாது, இன்னொரு கூரைக்கு அருகில் போகும். ஆகவே மரம் நிற்கிறது. அதன் அடியில் இருந்த கால்நடைத் தொட்டியை அகற்றிவிட்டோம். கீழே கிடக்கும் கடிபட்ட பழத்தை யாரும் தொட வேண்டாம், கால்நடைக்கும் போட வேண்டாம். கல்லெறியவும் வேண்டாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இந்தத் திருப்பணியால் டெங்கு குறையும் என்று நாங்கள் வாக்குத் தரவில்லை. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு குளத்தை நாடுவதில்லை. மூடாத தொட்டி, பழைய டயர், பூச்சட்டித் தட்டு போன்ற சிறு கலங்களில் தேங்கும் நீரே அதற்குப் போதும். அது அவரவர் வீட்டுத் திருப்பணி.

நிறைவேறாமல் நிற்பது இரண்டாவது கழிவுநீர் வாய். அழுக்கு நீரில் கியூலெக்ஸ் கொசு பெருகும், மூச்சுக்காற்று குறைந்து மீன் சாகும். ஆகவே அந்த மூலை இன்னும் பாதுகாப்பானது அல்ல. அது திருப்பப்படும்வரை வாரம் ஒருமுறை அங்கே கரண்டியால் நீர் மொண்டு புழுவை எண்ணிப் பதிகிறோம். பதிவேட்டை யாரும் பார்க்கலாம். எண்ண வருவோருக்குக் கற்றுத்தருகிறோம்.

இவண்,
திருப்பணிக் குழு