‘சுமார்’ என்ற ஒரே சொல் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் சென்ற வாரம் வெளியான வெளிநாட்டுச் செய்தி ஒன்றில், ஒரு புயலின் மையம் கரையிலிருந்து ‘சுமார் 160.93 கிலோமீட்டர்’ தொலைவில் இருந்ததாக அச்சாகியிருந்தது. ஆங்கில மூலத்தில் ‘அப்ராக்சிமேட்லி 100 மைல்’ என்று இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. ஒரு மைலுக்கு 1.609344 கிலோமீட்டர் என்ற கணக்கில் பெருக்கி, வந்த விடையை இரண்டு தசம இடங்களில் நிறுத்தி, முன்னால் ஒரு ‘சுமார்’ சேர்த்திருக்கிறார்கள். நூறு மைல் என்று எழுதிய செய்தியாளர் ஐந்து மைல் முன்னே பின்னே இருக்கலாம் என்ற எண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். தமிழில் படிப்பவருக்கோ, நகர்ந்துகொண்டே இருக்கும் ஒரு புயலின் மையத்தைப் பத்து மீட்டர் துல்லியத்தில் அளந்துவிட்டார்கள் என்ற செய்தி போய்ச் சேருகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் கணிதம் கற்பித்த எனக்கு இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

‘அப்ராக்சிமேட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘ப்ராக்சிமுஸ்’ என்றால் மிக அருகில் உள்ளது; அதிலிருந்து பிறந்த வினைக்கு அருகில் வருதல், நெருங்குதல் என்று பொருள். ஆகவே அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறவர், உண்மையான அளவு ஒன்று இருக்கிறது, அதன் அருகில் வந்து நிற்கிறேன் என்று சொல்கிறார். நம்முடைய ‘கிட்டத்தட்ட’ என்ற சொல்லிலும் இதே கருத்துத்தான் இருக்கிறது. கிட்டுதல் என்றால் நெருங்குதல். இலங்கையில் பள்ளிக் கணித நூல்கள் ‘அண்ணளவு’ என்ற அழகான சொல்லைப் பயன்படுத்துகின்றன. அதில் அண்மை என்னும் சொல்லின் வேர் ஒலிப்பதாகவே நான் கொள்கிறேன். நம் பாடநூல்களில் வரும் ‘தோராயம்’ என்பதைவிட அது மாணவர் மனத்தில் சரியான பொருளைப் பதிக்கும் என்பது என் கருத்து. ஆங்கிலத்திலும் இந்தச் சொல் தன் வேரிலிருந்து விலகித்தான் இருக்கிறது. ‘வெரி அப்ராக்சிமேட்’ என்றால் வேரின்படி ‘மிக அருகில்’ என்றுதான் பொருள்பட வேண்டும். வழக்கிலோ அது ‘மிகவும் கரடுமுரடான கணக்கு’ என்பதையே குறிக்கிறது. மொழிபெயர்ப்பவர் இந்த இடத்தில் கவனமாக இல்லாவிட்டால் பொருள் நேர் எதிராகிவிடும்.

இந்தக் கருத்தை மிகத் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தவர் ஆரியபடர். 499ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் ஆரியபடீயத்தில், நூறுடன் நான்கைக் கூட்டி, எட்டால் பெருக்கி, அறுபத்திரண்டாயிரத்தைச் சேர்த்தால், 20,000 விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு கிடைக்கும் என்கிறார். விடை 62,832. அங்கே அவர் ‘ஆசன்ன’ என்று ஒரு சொல்லை வைக்கிறார். ‘அருகில் வந்தது’ என்பது அதன் பொருள். உண்மைச் சுற்றளவுக்கும் அவர் சொன்ன எண்ணுக்கும் உள்ள வேறுபாடு ஓர் அலகில் ஆறில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அவ்வளவு நெருங்கி வந்த பிறகும், இது முடிந்த விடையன்று என்று சொல்ல அவர் மறக்கவில்லை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் கேரளத்து நீலகண்ட சோமயாஜி அந்த நூலுக்கு உரை எழுதியபோது, ஆசிரியர் உண்மை அளவை விட்டுவிட்டு ஏன் அருகிலுள்ள அளவைச் சொன்னார் என்ற கேள்வியைத் தாமே எழுப்பி, உண்மை அளவைச் சொல்லவே முடியாது என்று விடை தருகிறார்: விட்டத்தை மிச்சமின்றி அளக்கும் எந்த அலகைக் கொண்டு சுற்றளவை அளந்தாலும் மிச்சம் விழும். இதற்கு முறையான நிரூபணத்தை ஐரோப்பியக் கணித அறிஞர் லாம்பெர்ட் 1760களில்தான் தந்தார். ஒரு சிறு சொல்லுக்குள் இவ்வளவு பெரிய உண்மை அடங்கியிருந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

இதை வகுப்பில் சொல்லும்போது, சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் பை என்றால் 22/7 என்று மனப்பாடம் செய்திருக்கும் பிள்ளைகள் திகைத்துப்போவார்கள். 22/7 என்பது அருகிலுள்ள ஓர் எண் மட்டுமே. அதே 20,000 விட்டத்துக்கு அதைக் கொண்டு கணக்கிட்டால் விடை 25 அலகுகள் கூடிவிடும். அருகில் என்பதிலேயே பல படிகள் உண்டு என்பதை அந்த ஒரு கணக்கே காட்டிவிடும். கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் 1914இல் லண்டனில் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பிலேயே, பைக்கான ‘அப்ராக்சிமேஷன்கள்’ என்ற சொல் இருக்கிறது. எவ்வளவு நெருங்கலாம் என்பதே அங்கே ஆராய்ச்சிப் பொருள்.

இனி நம் ‘சுமார்’ பற்றி. பாரசீகத்தில் எண்ணிக்கை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது அது. தமிழில் அது நெடுங்காலமாகப் புழங்குகிறது. அதை ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ‘படம் சுமார்தான்’, ‘சுமாராகப் படிப்பான்’ என்று பேச்சில் தரக்குறைவையும் குறிக்கத் தொடங்கிவிட்டதால், ‘சுமார் 500’ என்று படிக்கும்போது அக்கறையின்றிச் சொன்ன எண் என்ற நினைப்பு வாசகருக்கு வந்துவிடுகிறது. ‘ஏறக்குறைய’, ‘ஏறத்தாழ’ என்ற சொற்களைப் பாருங்கள். உண்மை அளவு இதற்கு மேலேயும் ஏறியிருக்கலாம், கீழேயும் இறங்கியிருக்கலாம் என்பதை அவை வெளிப்படையாகவே சொல்கின்றன. சோதனைக்கூடத்தில் ஓர் அளவுக்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறி இட்டு எழுதுவதை நம் முன்னோர் ஒரே சொல்லில் சொல்லி வைத்திருக்கிறார்கள். விளைச்சலைப் பார்த்த மாத்திரத்தில் இத்தனை மூட்டை தேறும் என்று சொல்வது குத்துமதிப்பு. குழம்புக்கு உப்பை அளக்காமல் போடுவது கண்திட்டம். அளந்து, கணக்கிட்டு, பின்னர் முழுமையாக்கிச் சொல்லும் எண்ணும் இவையும் ஒன்றல்ல. செய்தியில் இவை அத்தனைக்கும் ‘சுமார்’ என்று எழுதினால் அளந்தவரின் உழைப்பும் வாயில் வந்ததைச் சொன்னவரின் ஊகமும் ஒரே தட்டில் அமர்ந்துவிடுகின்றன.

இதைத் தவிர, எந்த அடைமொழியும் இல்லாமலே உத்தேசத்தைக் காட்டும் வசதி நம் மொழியில் இருக்கிறது. ‘நாலைந்து பேர்’, ‘ஏழெட்டு நாள்’, ‘பத்துப் பதினைந்து வீடுகள்’ என்றால் போதும். ‘ஒரு நூறு பேர் வந்திருப்பார்கள்’ என்பதில் அந்த ‘ஒரு’ என்பதே கிட்டத்தட்ட என்ற பொருளைத் தந்துவிடுகிறது. அப்படியிருக்க, ‘சுமார் நாலைந்து பேர்’ என்றும், ‘சுமார் 50 முதல் 60 பேர் வரை’ என்றும் தங்கள் இதழில் அடிக்கடி காண்கிறேன். ‘சுமார் 1,247 பேர்’ என்று ஒருமுறை படித்தேன். கடைசி இலக்கமான ஏழு வரைக்கும் எண்ணியவருக்குச் ‘சுமார்’ எதற்கு?

எண்ணின் தோற்றமே வாசகரின் நம்பிக்கையை எப்படி அசைக்கும் என்பதற்கு எவரெஸ்டின் கதை ஒன்று உண்டு. 1802இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு (மற்றக் கணக்குகளுக்கெல்லாம் ஆதாரமாகத் தரையில் நேரே அளக்கும் கோடு) அளந்து தொடங்கிய பெரும் நில அளவைப் பணி, பின்னர் இமயம் வரை சென்று, அந்தச் சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று 1856இல் அறிவித்தது. கணக்கில் வந்த சராசரி சரியாக 29,000 அடிதான் என்றும், அப்படியே அறிவித்தால் அது குத்துமதிப்பு என்று உலகம் நினைத்துவிடும் என்று அஞ்சித் தலைமை அளவையாளர் ஆண்ட்ரூ வா இரண்டு அடியைச் சேர்த்தார் என்றும் நெடுநாளாகச் சொல்லப்பட்டு வருகிறது. 160.93 செய்வதும் இதுவேதான்: இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டுகிறது.

மொழிபெயர்ப்பில் இன்னொரு குழப்பமும் நேர்கிறது. ஆங்கிலத்தில் ‘நியர்லி 500’, ‘ஆல்மோஸ்ட் 500’ என்றால் 500ஐ இன்னும் தொடவில்லை என்று பொருள். ‘அப்ராக்சிமேட்லி 500’ என்பதோ 490 ஆகவும் இருக்கலாம், 510 ஆகவும் இருக்கலாம். ‘அப் டு 500’ என்பது மேல் எல்லையை மட்டும் சொல்வது. உண்மையில் 200 பேர்கூட இருந்திருக்கலாம். மூன்றையும் ‘சுமார் 500’ என்றே தங்கள் செய்திகள் தருகின்றன. விபத்தில் இறந்தோரையும் வேலை இழந்தோரையும் பற்றிய எண்கள் இவை என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். முதலாவதற்கு ‘500ஐ நெருங்கிய’ என்றும், இரண்டாவதற்கு ‘ஏறத்தாழ 500’ என்றும், மூன்றாவதற்கு ‘அதிகபட்சம் 500’ என்றும் எழுதினால் இடம் ஒன்றும் கூடுதலாகப் பிடிக்காது.

புயல் பற்றிய அந்தச் செய்தி தங்கள் இணையப் பதிப்பில் இன்னும் அப்படியே இருக்கிறது. அதில் உள்ள 160.93 என்பதை ‘ஏறத்தாழ 160 கிலோமீட்டர்’ என்று திருத்தி, அடுத்த இதழில் ஒரு வரியில் அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கும்பகோணம்.