அலாஸ்காவின் பட்டைக் கூடை

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தி வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அனைவரும் நலம்.

அலாஸ்காவின் உட்பகுதியில் அதபாஸ்கன் மக்கள் செய்யும் பிர்ச் மரப் பட்டைக் கூடையின் படத்தைப் பார்த்துவிட்டு, "நாலு மடிப்பு, நாலு தையல், இதற்கா இந்த விலை?" என்று கேட்டிருக்கிறாய். மடிப்பதும் தைப்பதும் கடைசி வேலையப்பா. பாடு அதற்கு முன்னால்.

பட்டை சுலபமாக உரிவது மே கடைசி, ஜூன் மாதங்களில், மரத்தில் சாறு ஓடும்போதுதான். நெட்டுவாக்கில் ஒரு கீறல் போடுவார்கள். கத்தி வெளிப்பட்டையோடு நிற்க வேண்டும். உள்பட்டையையும் சுற்றிலும் உரித்தால் மரம் பட்டுப்போகும். சின்னத் துண்டை வளைத்துப் பார்த்து, ஏடு ஏடாகப் பிரிந்தால் அந்த மரத்தை விட்டுவிடுவார்கள். உரித்த பட்டை, வெள்ளைப் பக்கம் உள்ளே போகும்படி சுருளும். அதன் போக்கிலேயே மடிப்பதால்தான் கூடையின் வெளிப்புறம் பழுப்பு. காய்ந்த பட்டையைச் சூடு காட்டி இளக்காமல் மடித்தால் படக்கென்று உடையும்.

நூலுக்குப் பதில் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் வேர். தரைப் பாசிக்கு அடியில் ஆழமில்லாமல் ஓடும், பென்சில் பருமனுள்ள வேராகப் பார்த்து, மரத்துக்கு ஒன்றிரண்டு எடுத்துவிட்டுப் பாசியை மூடிவிடுவார்கள். ஈரம் காயுமுன் தோலை உருவி, இரண்டாகப் பிளக்க வேண்டும். புதியவர்கள் திணறுவது இங்கேதான். பிளவு ஒரு பக்கமாக ஒதுங்கும். ஒரு பாதி மெலிந்துகொண்டே வரும். உடனே தடித்த பாதியை அதிகம் வளைத்து இழுத்தால் பிளவு நடுவுக்குத் திரும்பும். தாமதித்தால் வேர் பாதியிலேயே அறுந்துவிடும்.

விளிம்பில் வில்லோ மரக் குச்சி வைத்து, குத்தூசியால் துளையிட்டு வேரைச் சுற்றித் தைப்பார்கள். தையல் ஒன்று நீளம், ஒன்று குட்டையாக இருக்கிறதே, கவனித்தாயா? வெறும் அலங்காரமில்லை. பட்டையில் குறுக்கே ஓடும் கோடுகளின் வாக்கில் அது எளிதில் கிழியும். துளைகள் ஒரே வரிசையில் விழுந்தால், தபால்தலை கிழிவதுபோல விளிம்பே கையோடு வந்துவிடும். வேரை அளவுக்கு மீறி ஊறவைப்பதும் தப்பு. உப்பியிருக்கையில் எவ்வளவு இறுக்கித் தைத்தாலும் காய்ந்ததும் தளரும்.

முன்பெல்லாம் இதில் தண்ணீர் ஊற்றி, பழுக்கக் காய்ந்த கற்களைப் போட்டுச் சமைத்தார்கள். இப்போது பெர்ரி பறிக்கவும் விற்கவும்தான் அதிகம்.

வாங்குவதானால், வெள்ளிக் கை (Silver Hand) முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று பார்; அலாஸ்காப் பூர்வகுடியினர் கையால் செய்தது என்பதற்கு மாநில அரசு தரும் அடையாளம் அது. தையல் வேர்தானா, பிளாஸ்டிக் நாரா என்றும் கேட்டுக்கொள்.

அன்புடன்,
ரகு